கிணற்றில் விழுந்த ஹாஜர் புத்தகம்

போன வாரம் ஓர் இளம் டீச்சர் என்னைத் தேடி வந்தாள். கையில் இலாகா அனுப்பிய படிவம். ‘கோபமுள்ள குழந்தையைக் கையாளுதல்’ என்று தலைப்பு, அதற்குக் கீழே பத்துக் கட்டங்கள். குழந்தையின் கோபத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டுமாம்.

“உங்க காலத்துல கோவப்படுற பிள்ளைய என்ன செய்வீங்க டீச்சர்?” என்று கேட்டாள்.

“அடிப்போம்” என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. அந்தப் பதிலை எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை போலிருக்கிறது. பாவமாக இருந்தது. காப்பி கொடுத்து உட்கார வைத்துச் செல்லத்தங்கத்தின் கதையைச் சொன்னேன். கேட்டாளே தவிர ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது நாற்பத்தெட்டில், இருபத்தொரு வயதில். அதற்கு முன்பு நாகர்கோவிலில் டிரெயினிங். கரும்பலகையில் கோணாமல் எழுதவும், பிள்ளைகள் தப்பாகப் பதில் சொல்லும்போது சிரிப்பை அடக்கவும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகளின் கோபத்தைப் பற்றி ஒரு பாடமும் இல்லை. கோபம் ஆசிரியர்களுக்கு மட்டும் வரும் சமாச்சாரம் என்று நினைத்திருந்தார்கள்.

பள்ளிக்கூடம் இரணியலிலிருந்து நடந்து போகும் தூரம். இடுப்பளவு சுவர், மேலே ஓலை, உள்ளே ஐந்து வகுப்பு, நடுவில் தடுப்பு கிடையாது. இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் நான்காம் வகுப்பு அதைத் திருத்தும். அப்போது நாங்கள் திருவிதாங்கூரில் இருந்தோம். பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆனோம், ஐம்பத்தாறில் மதராஸ் ஆனோம். இடத்தை விட்டு நகராமலே நான் மூன்று ராஜ்யத்தில் வேலை பார்த்திருக்கிறேன். மூன்றிலும் மாறாமல் இருந்தது ஹாஜர் புத்தகம்.

அந்தப் புத்தகத்துக்கு எங்கள் தலைமையாசிரியர் அனந்தபெருமாள் சார்தான் பூசாரி. ஊரில் அவரைப் பெரிய சார் என்பார்கள். வகுப்பு டீச்சர்கள் பேர் கூப்பிடுவதை அவர் நம்புவதில்லை. காலையில் ஐந்து வகுப்பும் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிறகு, ஈரிழைத் துண்டில் சுற்றியிருக்கும் புத்தகத்தைப் பிரிப்பார். துண்டை நான்காக மடித்து வைப்பார். கறுப்பு மைக்கூடு இடப்பக்கம், சிவப்பு மைக்கூடு வலப்பக்கம். கட்டை விரலில் பேனா முள்ளைத் தீட்டிப் பார்ப்பார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பேரைக் கூப்பிடுவார். கூப்பிட்ட பிள்ளை எழுந்து நின்று ‘ஹாஜர்’ என்று சொன்னால் கறுப்பு மையில் ஒரு கோடு. சொல்லாவிட்டால் சிவப்பு மையில் பூஜ்யம்.

ஒரு நாள் தொண்டை கட்டிய பிள்ளை ஒன்று எழுந்து நின்று கையை மட்டும் தூக்கியது. சார் பூஜ்யம் போட்டார். “பிள்ள நிக்குதே சார்” என்றேன்.

“டீச்சரே, கண்ணால பாக்குறது ஹாஜர் ஆகாது. காதால கேக்கணும்” என்றார்.

அப்படிப்பட்டவரிடம்தான் செல்லத்தங்கம் வந்து சேர்ந்தாள். பத்து வயது, மூன்றாம் வகுப்பு. கருப்பட்டி வியாபாரம் செய்யும் அவளுடைய பெரியப்பா தவசிமுத்து கொண்டுவந்து விட்டார். மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்த பிள்ளை. தாய் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாள். ஜப்பான் சண்டை முடிந்து, ஊருக்கு வந்த யாரோ ஒரு குடும்பத்தோடு கப்பலேறி வந்திருக்கிறாள்.

“தகப்பன் மரிச்சாச்சா?” என்று சார் கேட்டார்.

“தெரியாது சார். சயாமுல ரயில் பாதை போடணும்னு ஜப்பான்காரன் கொண்டு போனான். பின்ன வரல்ல.”

“அப்போ உயிரோட இருக்காருன்னு எழுதுதேன். மரிச்சாருன்னு எழுத சர்டிபிகேட் வேணும்.”

இப்படி எங்கள் பள்ளிக்கூடம் அவள் அப்பாவைச் சாகவிடாமல் காப்பாற்றியது.

மறுநாள் காலையில் பேர் கூப்பிட்டார். செல்லத்தங்கத்துக்குப் பக்கத்தில் எஸ்தர் என்ற பிள்ளை. தன் பேரைக் கேட்டதும் எஸ்தர் எழுந்தாள். அடுத்த நொடி தரையில் கிடந்தாள். செல்லத்தங்கம் அவள் சடையைப் பிடித்து இழுத்துத் தள்ளி, வாயைக் கையால் பொத்தி, மேலே ஏறி உட்கார்ந்திருந்தாள். விலக்கப் போன என் கையைக் கடித்தாள். நான் அடிக்கோலால் அவள் முதுகில் இரண்டு வைத்தேன். முதல் அடி என்னுடையது என்பதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை.

தினமும் இது நடந்தது. எஸ்தரை இடம் மாற்றினால் அடுத்து உட்கார்ந்த பிள்ளைக்கு அடி. செல்லத்தங்கத்தின் பேரைக் கூப்பிட்டாலோ, பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பாள். சத்தம் வராது. சார் பூஜ்யம் போடுவார், பிறகு பிரம்பை எடுத்து அவள் உள்ளங்கையில் போடுவார். வராத பிள்ளைக்கு அடி கொடுக்கும் ஒரே பள்ளிக்கூடம் திருவிதாங்கூரிலேயே எங்களுடையதுதான். ஹாஜர் புத்தகத்தைப் பார்த்தால் அவள் ஒரு நாளும் வந்ததில்லை. தண்டனைப் புத்தகத்தைப் பார்த்தால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

அடி வாங்கிய பிறகு நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருப்பாள். அதனால் இந்தக் கோபம் பேர் கூப்பிடும்போது மட்டும் வருகிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம். நாட்டு வைத்தியர் அவளை ஏற இறங்கப் பார்த்து, மலாயாப் பழம் தின்ற சூடு தலைக்கு ஏறியிருக்கிறது என்று உழக்கு எண்ணெயை உச்சியில் ஊற்றினார். ஐயாவின் கோயிலான பதியில் பணிவிடை செய்பவர் நெற்றியில் நாமம் இட்டு, ஐயா பார்த்துக்கொள்வார் என்றார். உபதேசியார் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார், கையைத் துடைக்கத்தான் துணி கிடைக்கவில்லை. மூன்றும் ஒரே வாரத்தில். எண்ணெய் வழிய, நாமம் மின்ன வந்து உட்கார்ந்தவள் அன்றைக்கும் பக்கத்துப் பிள்ளையைத் தள்ளிவிட்டாள். அந்தப் பிள்ளையின் பாவாடையெல்லாம் எண்ணெய் ஆனதுதான் மிச்சம்.

அவளுடைய பெரியம்மா என்னிடம் வந்து அழுதாள். “எனக்கும் நாலு பிள்ளைய உண்டு டீச்சர். சோறு திங்க எம்பிள்ளையளப் பேரு சொல்லிக் கூப்பிட்டாக் கூட இவ அடிக்கா. நான் என்ன செய்ய?”

தொடர்ந்து பதினைந்து நாள் வராத பிள்ளையின் பேரை வெட்ட வேண்டும் என்பது சாரின் சட்டம். பேர் வெட்டினால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரோடு வேலைக்கு அனுப்பிவிடுவோம் என்றார் தவசிமுத்து. ரப்பர் என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்த கோபம்கூடப் போய்விட்டது. அதற்குக் கோபமே தேவலாம் என்று எனக்குத் தோன்றியது. சிவப்புப் பூஜ்யம் பன்னிரண்டு ஆகியிருந்தது.

இந்த நேரத்தில்தான் பெரிய சாருக்கு மனம் இளகியது. பிள்ளையின் கோபத்துக்கு அவரும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

“புதுசாச் சேந்த பிள்ள, பட்டியல்ல கடைசிப் பேரு. எல்லாருக்கும் பொறவுதான் கூப்பிடுதோம். யாருக்கானாலும் கோவம் வரும் டீச்சரே” என்றார்.

சீனியாரிட்டி பட்டியலில் பல வருடம் கடைசியில் கிடந்த மனிதர். அவருக்குத் தெரிந்த துக்கம் அது. வழக்கத்துக்கு விரோதமாக, புது மாதப் பட்டியலில் செல்லத்தங்கத்தின் பேரை மூன்றாம் வகுப்புக்கு மட்டுமல்ல, பள்ளிக்கூடத்துக்கே முதலாக எழுதினார். இதைவிடப் பெரிய மரியாதை அவர் கைவசம் இல்லை. என்னிடம் அதைக் காட்டியபோது அவர் கண் கலங்கியிருந்தது. நானும் நல்ல யோசனை என்றேன்.

முதல் தேதி காலை. துண்டைப் பிரித்தார், மடித்தார், முள்ளைத் தீட்டினார், சிரித்த முகத்தோடு, “செல்லத்தங்கம்!” என்றார். மற்ற நூற்றுப் பதினாறு பிள்ளைகளும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் எழுந்தாள். பிள்ளைகளைத் தாண்டி ஓடி வந்து மேசையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கினாள். இடுப்புச் சுவரைத் தாண்டிக் குதித்தாள். நாங்கள் வெளியே வருவதற்குள் ஹாஜர் புத்தகம் கிணற்றில் விழுந்த சத்தம் கேட்டது.

பெரிய சார் போட்ட கூச்சலில் தோப்பில் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைதான் விழுந்துவிட்டது என்று கயிறோடு ஓடி வந்தார்கள். புத்தகம் என்று தெரிந்ததும் திரும்பிப் போனார்கள். “வெட்டு! அவ பேர இப்பவே வெட்டு!” என்று சார் கத்தினார். வெட்டுவதற்கும் அந்தப் புத்தகம்தான் வேண்டும் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு நினைவு வந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கிணற்றடிக்குப் போனேன். செல்லத்தங்கம் துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பன்னிரண்டு நாளில் நான் பார்க்காத முகம். வேலை முடிந்த முகம்.

“ஏட்டி, என்ன காரியம் செய்திருக்கே?”

“இனி யாரையும் கூப்பிட முடியாதுல்லா டீச்சர்?”

“கூப்பிட்டா என்ன?”

“லாரி வருமே.”

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்காமலே சொன்னாள்.

“தோட்டத்துல வெடியக்கால பெரட்டு உண்டு. எல்லாரும் வரிசையா இருக்கணும். கணக்கு எழுதுற கிராணி புஸ்தகத்தப் பாத்துப் பேரு கூப்பிடுவாரு. அன்னைக்கு ஜப்பான்காரனும் நின்னான். பேரு கூப்பிட்டவங்க எல்லாரும் லாரியில ஏறணும்னு சொன்னான். அப்பா என் பக்கத்துல குத்த வெச்சிருந்தாரு. கூப்பிட்டதும் எழும்பி, ‘இருக்கேன்’னு சொல்லிட்டாரு. அடுத்த லயத்து வீட்டு மாமா பேரு கூப்பிட்டும் வாயத் தொறக்கவே இல்ல. அவரு போகல்ல.”

“பொறவு?”

“நான் அப்பா வேட்டியப் பிடிச்சேன். கைய எடுத்து விட்டுட்டுப் போனாரு.” தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். “நான் கெட்டியாப் பிடிக்கல்ல டீச்சர்.”

இந்தப் பிள்ளை யாரையும் அடிக்கவில்லை. எழுந்து நின்று பேரைக் கொடுக்கப் போனவர்களைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறாள். அதற்காக நாங்கள் பன்னிரண்டு நாள் அவளை அடித்திருக்கிறோம். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது இல்லை.

பெரிய சாரிடம் போய் அப்படியே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“அந்தக் கிராணி… போனவங்க பேருக்கு நேர புஸ்தகத்துல என்ன போட்டிருப்பான்?” என்று கேட்டார்.

“கோடுதான் சார் போட்டிருப்பான். எல்லாரும் ஹாஜர்தானே.”

அன்று மத்தியானம் அவர் பொதிச்சோற்றைப் பிரிக்கவே இல்லை.

ஆனாலும் சார் சார்தான். சாயங்காலம் அழைத்து, இன்ஸ்பெக்டர் பத்து நாளில் வருகிறார், அவர் முன்னால் பேர் கூப்பிட்டாக வேண்டும், ஹாஜர் சொல்லாத பிள்ளையின் பேரை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றார். குரலில் பழைய முறுக்கு இல்லை. கிணற்றிலிருந்து எடுத்த புத்தகத்தைச் சுவரில் விரித்துக் கல் வைத்திருந்தார். கறுப்புக் கோடுகளும் சிவப்புப் பூஜ்யங்களும் கரைந்து பக்கமெல்லாம் ஒரே ஊதா.

“நான் புதுசா எழுதித் தாறேன் சார். அதுவரைக்கும் பேரு கூப்பிட வேண்டாம்” என்றேன்.

“புஸ்தகம் இல்லாம எப்படிக் கூப்பிடுவேன்? அதுக்குச் சட்டமே கெடையாதே” என்றார். முதல் தடவையாகச் சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. இரண்டு நாள் வேலையை நான் பத்து நாள் இழுத்தேன்.

அந்தப் பத்து நாளும் வேறு ஏற்பாடு. வரும் பிள்ளை ஒரு புன்னைக்காயை வாசலில் வைத்த ஓலைக் கடவத்தில் போட வேண்டும். சாயங்காலம் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், காலையில் அதையே கொண்டுவர வேண்டும். கடவத்துக்குக் காவல் செல்லத்தங்கம். காலையில் நூற்றுப் பதினாறு எண்ணினால்தான் தன் காயைப் போடுவாள். மூன்றாம் நாள் தொட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகும் நேரத்தில் மட்டும் நான் பேர் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிள்ளை காயை எடுத்துக்கொண்டு ஓடும். அப்படிக் கூப்பிட்ட முதல் நாள் அவள் கடவத்தின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள், பிள்ளைகள் அடியில் கையை நுழைத்துத்தான் காயை எடுத்தார்கள். மறுநாள் காலை எல்லாக் காயும் திரும்பி வந்ததும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு நாளுக்கு நாள் பிடி தளர்ந்தது. தாமதமாக வரும் பிள்ளைகளுக்கு மட்டும் அவள் கையால் ஒரு குட்டு நிச்சயம். அதை நான் கண்டுகொள்ளவில்லை.

ஏழாம் நாள் ஒரு காய் குறைந்தது. எஸ்தருடைய காய்.

நான் ‘வருவா மக்கா’ என்று சொல்லி முடிப்பதற்குள் கடவம் உருண்டது. எதிரில் வந்த பிள்ளைகளைத் தள்ளிவிட்டு அவள் வயல் வரப்பில் ஓடினாள். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். அரசாங்க ஊழியர் ஓடக்கூடாது என்று சட்டமிருந்தால் அதையும் அன்று மீறியிருப்பேன். எஸ்தர் வீட்டு முற்றத்தில் போய் நின்றோம். உள்ளே எஸ்தர் பாயில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பொன்னுக்கு வீங்கி, இரண்டு கன்னமும் உப்பி, மஞ்சள் அப்பியிருந்தது.

செல்லத்தங்கம் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

“வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போகப்படாதா ஏட்டி?” என்று கேட்டாள். பிறகு அந்த வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். எஸ்தரின் அம்மா பயந்துபோய் அவளுக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்தாள். அப்பா லாரி ஏறின நாளுக்கு உரிய அழுகை அத்தனை வருடம் கழித்து அந்தப் படியில்தான் வந்தது என்று நினைக்கிறேன். நான் தடுக்கவில்லை. நானும் கொஞ்சம் அழுதேன்.

அதற்குப் பிறகு அவள் யார் சடையையும் பிடிக்கவில்லை. காய் குறைந்தால் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்து சொல்வாள். வைத்தியர் எண்ணெய் வேலை செய்துவிட்டது என்றார். பதியிலும் ஜெபவீட்டிலும் அவரவர் பெருமை. மூவரிடமும் ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார், இளநீர் குடித்தார், கண்ணை மூடிக்கொண்டு கேட்கத் தயாரானார். சார் புதுப் புத்தகத்தைப் பிரித்தார். நான் அவள் பேரை முதலிலும் எழுதவில்லை, கடைசியிலும் எழுதவில்லை. எஸ்தருக்கு அடுத்து எழுதியிருந்தேன். கன்னம் பாதி வற்றிய எஸ்தர் எழுந்து ஹாஜர் சொன்னாள். செல்லத்தங்கத்தின் கை அவள் பாவாடை வரை போய்த் திரும்பியது.

“செல்லத்தங்கம்” என்றார் சார். பிள்ளை தரையைப் பார்த்தாள். சாரின் பேனா சிவப்பு மைக்கூட்டுப் பக்கம் போகவும் முடியாமல் கறுப்புப் பக்கம் போகவும் முடியாமல் நடுவில் நின்றது. வெளியே தவசிமுத்து துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் எழுந்தாள். “இங்கதான் இருக்கேன்” என்றாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “நான் எங்கயும் வரமாட்டேன்” என்றாள்.

இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறந்தார். “எந்தா? ஹாஜர்னு பறயலியே?”

அனந்தபெருமாள் சார் எழுந்து நின்றார். அவர் மேலதிகாரிக்கு எதிர்வார்த்தை சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “இங்க அதுக்கும் ஹாஜர்னுதான் அர்த்தம் சார்” என்று சொல்லிவிட்டு, கறுப்பு மையில் தொட்டு ஒரு கோடு போட்டார். கொஞ்சம் கோணல் கோடு.

செல்லத்தங்கம் ஐந்தாம் வகுப்பு வரை எங்களிடம் படித்தாள். கல்யாணமாகித் தக்கலைக்குப் போனாள், மூன்று பிள்ளைகள். ரேஷன் கடையில் பேர் கூப்பிட்டால் வாயைத் திறக்காமல் நின்று சீனியை விட்டுவிட்டு வருகிறாள் என்று அவள் மாமியார் என்னிடம் குறை சொல்லியிருக்கிறாள். எல்லாம் போய்விட்டது என்று நான் எந்தப் படிவத்திலும் எழுதமாட்டேன்.

நான் ரிட்டயர் ஆன அன்று பிரிவு உபசாரக் கூட்டம் வைத்தார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் செல்லத்தங்கம், தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. பொன்னாடை போர்த்த மைக்கில் என் பேரைக் கூப்பிட்டார்கள். எழப் போனேன். முடியவில்லை. என் முந்தானையை ஒரு கை பிடித்திருந்தது.

அவளுக்கே தெரியாமல் பிடித்திருந்தாள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் கையைப் பார்த்தாள். இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். நான் அசையவில்லை. மூன்றாம் தடவை கூப்பிட்டுவிட்டு, “டீச்சர் வரல்லைன்னு தோணுது” என்று மைக்கில் சொன்னார்கள். சபை சிரித்தது. அவளும் சிரித்தாள். ஒவ்வொரு விரலாக எடுத்து, கசங்கிய முந்தானையை நீவிவிட்டாள்.

“போயிட்டு வாங்க டீச்சர்” என்றாள்.

மேடையேறிப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு நேரே திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏற்புரை சொல்லக் கூப்பிட்டார்கள். மைக்கை இங்கே கொண்டுவரச் சொன்னேன்.